வாத்தியாரின் ஆத்தும சோதனை

மலேசியாவில் நம் ஊரான பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெர்த்தில் இருக்கும் எங்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான் வருகிறது. நம் சங்கம் வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் சொன்ன அதே வாரம் நம் வாத்தியார் இறந்த செய்தியும் வந்தது. அப்புறம் வேறு எதைப் பற்றி எழுதுவது?

வார நாளில் அவர் நமக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார். பூசை முடிந்ததும் கோயில் பின்கட்டு, நீளப் பலகை, வரக்கோப்பி, மேரி பிஸ்கட். உங்களுக்குத் தெரியாததா?

குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன், நம்மை நாமே சோதித்துப் பார்க்க அவர் தன் கையால் எழுதிக் கொடுக்கும் ஆத்தும சோதனைத் தாளை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? மற்ற இடங்களில் பத்துக் கட்டளையை வரிசையாகச் சொல்லி, எதை மீறினாய் என்று கேட்பார்கள். அவர் தாளில் பாவம் கடைசியில்தான் வரும். ‘இந்த வாரம் ஆண்டவர் உனக்கு என்ன தந்தார்?’ என்பதுதான் முதல் கேள்வி. ‘அதை வாங்கும்போது நீ எப்படி இருந்தாய்?’ என்பது அடுத்தது.

நான் பட்டணத்துப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போன வருடம் அது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு, பால் வெட்டப் போகலாமே என்று ஒருவர் என்னை எழுப்பி நிற்கவைத்து வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அந்த வாரத் தாளில் ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று எழுதினேன். தாழ்ச்சி என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வாத்தியார் தாளைப் படித்துவிட்டு என்னைத் திண்ணையில் உட்காரவைத்தார்.

“இதை உனக்குச் சொன்னது யாரு? ஆண்டவரா?”

“இல்லைங்க ஐயா.”

“அப்போ இது தாழ்ச்சி இல்லை, தம்பி. எவனோ சொன்ன பொய்க்குக் கீழே நீ கையெழுத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்கே. துரைக்கு முன்னாலே தலை குனியறது பயம். ஆண்டவர் முன்னாலே நிமிர்ந்து நில்லு. அங்கேதான் உன் சரியான அளவு தெரியும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது.”

அப்போது அதை ஓர் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து அவிலா நகர் புனித தெரேசா 1577-இல் எழுதியதைப் படித்தபோது, பின்கட்டுத் திண்ணையில் கேட்டதே அங்கே இருந்தது. கடவுள் உண்மையானவர், ஆகவே உண்மையில் நடப்பதே தாழ்ச்சி என்கிறார் அவர். தன் கீழ்மையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆன்மா கோழையாகிவிடும், கண்ணை எடுத்துக் கடவுளைப் பார்த்தால்தான் தன்னையும் சரியாகப் பார்க்கும் என்றும் எச்சரிக்கிறார். அவருக்கும் நானூறு வருடம் முன்பு புனித பெர்நார்து இரண்டு அறியாமைகளைச் சொன்னார். தன்னை அறியாதவன் செருக்கில் விழுவான், கடவுளை அறியாதவன் அவநம்பிக்கையில் விழுவான். தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அந்த இரண்டாவது குழிதான் பக்கத்தில் இருந்தது. வாத்தியார் அதைக் கண்டுகொண்டவர். தாளின் வரிசையை அவர் ஏன் மாற்றினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜனவரி 15, பாலைவனத் துறவி வனத்துச் சின்னப்பரின் திருநாளில் அவர் சொல்லும் கதையும் இதைத்தான் தொட்டது. தொண்ணூறு வயது வனத்து அந்தோணியார், தன்னைவிடச் சிறந்த துறவி பாலைவனத்தில் இல்லை என்று எண்ணியிருக்கிறார். உன்னிலும் மேலானவர் ஒருவர் இருக்கிறார், போய்ப் பார் என்று இரவில் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. அந்த மேலானவர்தான் சின்னப்பர். எல்லோரும் அவர்களுக்குக் காகம் அப்பம் கொண்டுவந்த இடத்தைக் கேட்கத்தான் காத்திருப்போம். வாத்தியாரோ அந்தக் கிழவர் கோலை ஊன்றிப் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுவார். தன்னைப் பற்றிய உண்மை தெரிந்ததும் அவர் சோர்ந்து உட்காரவில்லை, நடந்தார் பாருங்கள் என்பார்.

புனித அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெறுமுன் எழுதிய ஒரு குட்டி ஜெபம் உண்டு: என்னை நான் அறிய வேண்டும், உம்மை நான் அறிய வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே மூச்சில். இங்கே பெர்த்தில் ‘உன்னை நீ அறி’ என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். என் மகள் ஒன்றுக்குப் போய், தன் பலம் பலவீனங்களை அட்டவணை போட்டுக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை, கவனமாகத்தான் எழுதியிருந்தாள். யார் முன்னால் நின்று இதைப் பார்த்தாய் என்று அவளைக் கேட்க எனக்கு ஆசை. அந்தக் கேள்வியை வாத்தியார் கேட்டால் இறங்கும். நான் கேட்டால் கண்டிப்பது போல ஆகிவிடுகிறது.

நான் கிளம்பும்போது, படிப்பு முடிந்ததும் வந்து சின்னப் பிள்ளைகளின் ஞானோபதேசத்தை எடுத்துக்கொள் என்று அவர் கேட்டிருந்தார். சரி ஐயா என்றேன். வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று அது தள்ளித் தள்ளிப் போயிற்று. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் குறைந்த பிறகும் அவர் வகுப்பை நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன்.

என் தாள்கள் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தன. லயத்தை இடித்தபோது பெட்டியும் போய்விட்டது. உங்களில் யாரிடமாவது வாத்தியார் கையால் எழுதிய தாள் ஒன்று இருந்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். முதல் இரண்டு கேள்விகள் எனக்கு மனப்பாடம். மூன்றாவது கேள்வியை அவர் எந்தச் சொற்களில் கேட்டிருந்தார் என்பதுதான் எனக்கு வேண்டும்.