கிரவுண்டுக்குப் போகுமுன் பச்சிமோத்தானாசனம் வேண்டாம்

வேலூர் பக்கம் எந்த மைதானத்துக்குக் காலையில் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகுகிற பையன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். கூட்டாளி ஒருவன் பின்னால் நின்று முதுகை அமுக்கி, நெற்றியை முட்டியில் முட்ட வைப்பான். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே கிடந்துவிட்டு எழுந்து ஓட வேண்டியது. ஆண்களுக்கு 7 நிமிடத்துக்குள் முடிய வேண்டிய ஓட்டம் அது. அதற்கு முன்னால் பச்சிமோத்தானாசனம் என்று தொடையின் பின்தசையை இப்படி இழுத்துத் தளர்த்துவதைப் போல வேண்டாத வேலை வேறில்லை.

ஒரே தசையை 60 வினாடிக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் உந்துசக்தி குறைகிறது. குறைவது சில சதவீதம்தான். ஆனால் 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும் ஸ்னாட்சும் (பளுவை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) அந்தச் சில சதவீதத்தில்தான் நிற்கின்றன. அதே ஆசனத்தை ஓடி முடித்த பிறகோ, இரவு படுக்குமுன்னோ செய்தால் கெடுதல் ஒன்றுமில்லை, பலனும் உண்டு. விளையாட்டுக்காரர்கள் எந்த ஆசனம் நல்லது என்றே கேட்கிறார்கள். எப்போது செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. பாதிக் குழப்பம் அங்கேதான்.

பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் போதும். முதலில் ஐந்து நிமிடம் மெல்லோட்டம், நெற்றியில் வியர்வை அரும்பும்வரை. பிறகு சூரிய நமஸ்காரம் நான்கு சுற்று, ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு மூச்சு. நடுவில் அதோமுக ஸ்வானாசனம் (கையும் பாதமும் தரையில், இடுப்பு மேலே) வரும்போது மட்டும் நின்று, இரண்டு குதிகாலையும் மாற்றி மாற்றி இருபது தடவை அழுத்துங்கள், கெண்டைக்கால் விழித்துக்கொள்ளும். அடுத்து, ஒரு காலை முன்னால் மடக்கி மறு காலைப் பின்னால் நீட்டும் ஆஞ்சநேயாசனத்தை நின்ற இடத்தில் செய்யாமல் முன்னோக்கி நடந்தபடியே, காலுக்கு ஐந்து. நாற்காலியில் உட்காருவது போன்ற உத்கடாசனத்தில் மூன்று வினாடி எண்ணி இறங்கி, சட்டென்று எழ வேண்டும், எட்டு தடவை. ஒற்றைக் காலில் நின்று, உடம்பையும் மறு காலையும் தரைக்கு இணையாக நீட்டும் மூன்றாம் வீரபத்ராசனம் காலுக்கு 15 வினாடி. கடைசியாக 60 மீட்டர் தூரத்தை வேகம் கூட்டி மூன்று முறை ஓடிவிட்டால் உடம்பு தயார்.

சூரிய நமஸ்காரத்தில் ஒரு கவனம். அவசரத்தில், தண்டால் போன்ற சதுரங்க தண்டாசனத்தில் இறங்கும்போது தோள் முழங்கைக்கும் கீழே போய்விடும், வயிறு தொங்கும். முந்தின நாள் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பளுவைத் தள்ளுவது) போட்டவருக்குத் தோளின் முன்பக்கம் அன்றே வலிக்க ஆரம்பிக்கும். முட்டியைத் தரையில் வைத்து இறங்குங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பளுதூக்குதலைப் பற்றிச் சொல்லாமல் வேலூரில் விளையாட்டு பேச முடியாது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார், இரண்டும் 77 கிலோ பிரிவில். பார்பெல்லைத் தொடுகிற பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்களில் பலருக்கு ஸ்னாட்சில் கம்பி முன்னால் விழுவதற்குக் காரணம் பலக்குறைவு அல்ல. கணுக்கால், மேல்முதுகு, தோள் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று மடங்க மறுக்கிறது.

கணுக்காலை வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரல் நுனியை வையுங்கள். கட்டைவிரலோடு சேர்த்து உள்ளங்கை அகலம் ஏறக்குறைய அவ்வளவு வரும். குதிகாலைத் தூக்காமல் முட்டி சுவரைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். கெண்டைக்காலில் இழுத்தால் அது தசை இறுக்கம். அதோமுக ஸ்வானாசனத்தை முட்டி நேராக வைத்து 30 வினாடி, முட்டியை மடக்கி 30 வினாடி, மூன்று சுற்று செய்யுங்கள். நேராக வைத்தால் மேல் கெண்டைத் தசைக்கும், மடக்கினால் அதன் அடியிலுள்ள தசைக்கும் வேலை. ஸ்குவாட்டுக்கு (கம்பியைச் சுமந்து குந்தி எழுவது) இரண்டாவதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கெண்டையில் இழுக்காமல் கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவது போலிருந்தால் மூட்டுதான் தடுக்கிறது. அதை இழுத்துச் சரிசெய்ய முடியாது, பிசியோவிடம் காட்டுங்கள்.

குந்தி உட்காருகிற மாலாசனம் இதற்கெல்லாம் அடிப்படை. குதிகால் தரையில் படியாதவர் அரை அங்குலப் பலகையைக் கீழே வைத்து உட்காரலாம். முழங்கையால் முட்டியை வெளியே தள்ளி, நெஞ்சை நிமிர்த்தி 30 வினாடி, நான்கு தடவை. வாரங்கள் போகப் போகப் பலகையை எடுத்துவிட வேண்டும். குந்தி உட்கார்ந்தே வளர்ந்த தாத்தாக்களுக்கு இது ஆசனமே இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் வளர்ந்த பேரனுக்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

மேல்முதுகுக்கு, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் செய்யச் சொல்வார்கள். மேலே இறுகியிருப்பவருக்கு அதில் வளைவது கீழ்முதுகுதான், மேல்முதுகு அப்படியே இருக்கும். அதற்குப் பதில் ஒரு ஜமுக்காளத்தை இறுகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். கையைத் தலைக்கு மேல் நீட்டி இரண்டு நிமிடம். விலா எலும்பு மேலே துருத்தினால் வயிற்றை இறுக்கி உள்ளே கொண்டுவாருங்கள். தோளுக்குக் கோமுகாசனத்தின் கை மட்டும் போதும்: ஒரு கை மேலிருந்தும் மறு கை கீழிருந்தும் முதுகுக்குப் பின்னால் கோக்க வேண்டும். விரல்கள் எட்டாவிட்டால் நடுவில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மூச்சை ஒருபோதும் அடக்காதே என்று யோகா வகுப்பில் சொல்வதைக் கம்பிக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. கனத்த எடையோடு ஸ்குவாட்டில் இறங்கும்போது மூச்சை நிறைத்து அடக்கி, வயிற்றை இறுக்கிக்கொண்டால்தான் முதுகெலும்புக்குத் தாங்கல். அங்கே போய் உஜ்ஜாயியாக, தொண்டையைச் சுருக்கி மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருந்தால் நடுமுதுகு வளைந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர் இந்த அடக்கலைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி மீட்சி, அதாவது பயிற்சிக்குப் பின் உடம்பு தேறுவது. நரசிம்மர் கோயில் இருக்கும் சோளிங்கர் பெரிய மலையில் 1305 படி. ஏறி இறங்கினால் மறுநாள் தொடை கெஞ்சும் என்பது போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஏறியதுதான் காரணம் என்று நினைப்பார்கள், இறங்கியதுதான் காரணம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, இழைகளில் நுண்ணிய சேதம் அப்போதுதான் உண்டாகிறது. வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து தானாக இறங்கும். லாக்டிக் ஆசிட் தேங்கியதால் வலி என்று ஜிம்மில் சொல்வது சரியில்லை. அது, அதாவது லாக்டேட், ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே எந்த ஆசனமும் ஆசிட்டைப் பிழிந்து வெளியேற்றாது. தசையை இழுத்துவிட்டால் மறுநாள் வலி குறையும் என்பதும் பெரும்பாலும் நம்பிக்கைதான், மிகச் சிறிய வித்தியாசமே தெரியும். மெல்லிய அசைவால் விறைப்பு குறைவது உண்மை. மூச்சு நிதானப்பட்டு, நாடித்துடிப்பு இறங்கி, தூக்கம் நன்றாக வருவதும் உண்மை. தசை சரியாவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு; யோகாவின் பெரிய உதவி அந்த வழியாகத்தான் வருகிறது.

பயிற்சி முடிந்த அன்று இரவு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தோ சாப்பாட்டுக்கு முன்போ, இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். சுவரில் காலைத் தூக்கி வைத்து விபரீதகரணி, ஐந்து நிமிடம். பின்தொடை இறுக்கமாக இருந்தால் இடுப்பு சுவரை ஒட்ட வேண்டியதில்லை, ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பாதம் மரத்தால் முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். அடுத்து சுப்த பாதாங்குஷ்டாசனம்: மல்லாந்து படுத்து, துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை மேலே நீட்டி 60 வினாடி, காலுக்கு இரண்டு தடவை. யோக நரசிம்மர் சிலைகளில் முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும், யோகபட்டம் என்பார்கள். கடையில் விற்கும் யோகா ஸ்ட்ராப்பின் வேலையும் அதுதான்; நமக்குத் தேங்காய்ப்பூத் துண்டே போதும். பிறகு படுத்தபடியே ஒரு கணுக்காலை மறு தொடை மேல் போட்டு, தொடையை நெஞ்சை நோக்கி இழுத்து 60 வினாடி. ஓடுகிறவர்களுக்குப் புட்டத் தசையில் இறுகுவது இங்கேதான் அவிழும். கடைசியாகப் படுத்தபடி முதுகைத் திருப்பி, பக்கத்துக்கு 45 வினாடி.

இதன் பிறகு மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, மூக்கு வழியாக. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்துவிட்டுச் சவாசனத்தில் எட்டு நிமிடம். இந்த நேரத்தில் கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம், அவை உடம்பைத் தட்டி எழுப்புகிற வேக மூச்சுப் பயிற்சிகள். சிரசாசனமும் சர்வாங்காசனமும் கூட வேண்டாம்: ஸ்குவாட்டில் கம்பியைச் சுமந்த கழுத்து களைத்திருக்கும்.

சரியாகச் செய்தும் வலி வருகிற ஓரிடம் உண்டு. பலகையில் உட்கார்ந்தால் புட்டத்துக்கு அடியில் ஒரு எலும்பு அழுந்துமே, அங்கே ஒரு புள்ளியில் வலி. குனிந்தால், வேகமாக ஓடினால், பைக்கில் வெகுநேரம் உட்கார்ந்தால் அதிகமாகும். பின்தொடைத் தசையின் தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் அது. குனிய குனிய அந்தத் தசைநார் எலும்பின்மேல் நசுங்குகிறது. இறுக்கம்தான் வலிக்குக் காரணம் என்று நினைத்து இன்னும் குனிவார்கள், இன்னும் மோசமாகும். பச்சிமோத்தானாசனம், நின்று குனியும் உத்தானாசனம், நீட்டிய காலை இழுப்பது மூன்றையும் நிறுத்திவிட்டு, சேது பந்தாசனத்தில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 வினாடி பிடியுங்கள், ஐந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லாமல் முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பிறகு ஒற்றைக் காலில். இது ஆற மாதக்கணக்கு ஆகும், வாரக்கணக்கு பேசாதீர்கள். கபடியில் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொண்டால் இதே புத்திதான்: முதல் இரண்டு மூன்று நாள், பாதங்களைச் சேர்த்து முட்டியை விரித்து உட்காரும் பத்தகோணாசனம் பக்கமே போகாதீர்கள்.

பத்மாசனத்தில் முட்டி வலித்தால் குற்றம் இடுப்பில் இருக்கும். இடுப்பு வெளிப்பக்கம் திரும்பாதபோது திருகலை முட்டி வாங்கிக்கொள்கிறது, உள்ளிருக்கும் ஜவ்வு மாட்டிக்கொள்ளும். சுகாசனத்தில் உட்காருங்கள். வஜ்ராசனத்தில் கால் மரத்துப் பாதம் தூக்க வரவில்லையென்றால் அது நரம்பு அழுந்துவது, பொறுத்துக்கொள்கிற விஷயமல்ல.

வெயிலுக்கு வருவோம். ஹாட் யோகா என்று வெளியூரில் காசு கொடுத்துச் செய்வது நமக்குச் சித்திரையில் இலவசம். சுற்றிலும் பாறை மலை. மொட்டை மாடித் தளம் இருட்டின பிறகும் சுடும். உடம்பு சூடாக இருக்கும்போது தசை வழக்கத்தைவிட நீளும், அந்த நம்பிக்கையில் எல்லை தாண்டிவிடுவார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர்வரை, உப்புப் போட்ட நீர்மோராகவும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அதற்கு முன் நீண்ட ஆசனம் செய்தால் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்வது சகஜம். விரிப்பும் முக்கியம். கோரைப்பாய் சிமென்ட் தரையில் வழுக்கும். நிற்கும் ஆசனங்களை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்துவிட்டு, படுப்பதற்கு மட்டும் பாயை விரியுங்கள்.

வார அளவு: கடும் பயிற்சி நாட்களில் முன்னே பத்து நிமிடம், இரவில் இருபத்தைந்து. ஓய்வு நாளில் ஒரே தடவையாக நாற்பது நிமிடம், அன்று மாலாசனமும் மேல்முதுகும் நிதானமாக. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய ஊர்களில் ஆள்சேர்ப்பு தேதி வந்துவிட்டால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவார்கள். ஆள்சேர்ப்பில் வரும் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முந்தின வாரம் புது ஆசனம் எதையும் தொடக்கூடாது; பழகியதைப் பாதியாகக் குறையுங்கள்.

பளுதூக்குபவர்களுக்குப் போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் முன்பே எடை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எடை பார்த்து, சாப்பிட்டு முடித்தபின் கிடைக்கிற இடைவெளியில் தலைகீழ் ஆசனம் வேண்டாம். தரையில் படுத்து, கெண்டைக்காலை நாற்காலி மேல் போட்டு, நாலுக்கு ஆறு மூச்சோடு பத்து நிமிடம். பிறகு எழுந்து, கம்பியைத் தொடுமுன் முட்டியை மடக்கிய அதோமுக ஸ்வானாசனம் பத்து வினாடி, இரண்டு முறை.