உதட்டசைவும் ஒலியும்

நேற்றிரவு நேரலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேச்சாளர் வாயை மூடிய பிறகுதான் அவருடைய கடைசிச் சொல் காதில் விழுந்தது. எரிச்சலூட்டும் குறைதான், ஆனால் படமும் ஒலியும் தனித்தனியே பயணம் செய்கின்றன என்பதை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

1920 x 1080 படப்புள்ளிகளும் நொடிக்கு 25 சட்டகங்களும் கொண்ட காணொளியை, புள்ளிக்கு 24 பிட் என்ற கணக்கில் அப்படியே அனுப்புவதென்றால், நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்கள் தேவைப்படும். எனவே காணொளியைச் சுருக்கித் தரும் குறியாக்கி முதலில் நிற விவரத்தைக் குறைக்கிறது. ஒளிர்வு வேறுபாட்டை நுட்பமாக உணரும் நம் கண், நிறத்தில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்பதால், நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிற மதிப்பு போதுமானதாகிவிடுகிறது. அடுத்து, பேசுபவரின் பின்னால் அசையாமல் நிற்கும் சுவரை ஒவ்வொரு சட்டகத்திலும் திரும்ப அனுப்பாமல், எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்தனுப்புகிறது. என்னைக் கேட்டால், இதில் மிக அழகான உத்தி இதுவே.

ஒலி, பெரும்பாலும் நொடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கப்பட்டுத் தனியே சுருக்கப்படுகிறது. அளவில் சிறியதாகையால் விரைவில் தயாராகிவிடும். இரண்டிலும் நேரக்குறி பதிக்கப்படுவதால், பெறும் கருவி ஒலியைச் சற்றே காக்கவைத்து, உரிய சட்டகம் திரையில் தோன்றும்போது வெளியிடுகிறது. நேற்று பிசகியது அந்தக் காத்திருப்புதான்: தொலைக்காட்சியின் அமைப்பில் எப்போதோ நானே கூட்டிவைத்திருந்த ஒலித் தாமதத்தைச் சுழியமாக்கியதும், சொல் உதட்டோடு வந்து சேர்ந்தது.