கோப்பு திரும்பிய பிறகு

மார்ச் 2, திங்கள்
போன் வந்தது. தத்தெடுக்கக் காத்திருந்த பையன் எங்களுக்கு இல்லை என்றார்கள்.

மார்ச் 3, செவ்வாய்
பையனின் சித்தப்பா முன்வந்திருக்கிறாராம். சொந்தக்காரர் கேட்டால் முதலில் அவர்களுக்குத்தான். நியாயம்தான். அந்த அதிகாரி கனிவாகவே பேசினார். "உங்க ஃபைல் திரும்ப வரிசைக்குப் போகும்மா." வரிசையில் எந்த இடம் என்று இவர் கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. போட்டோவைத் திருப்பித் தர வேண்டுமா என்றுகூட.

மார்ச் 5, வியாழன்
போதகரம்மா வந்திருந்தார்கள். "எல்லாம் கர்த்தருடைய வேளையில நடக்கும்." தலையாட்டினேன். அடுத்து அன்னாள், பைபிளில் பிள்ளைக்காக அழுது ஜெபித்தவள். தெரியும், அன்னாள் வருவாள் என்று. அவளுக்கு அதே அதிகாரத்திலேயே பிள்ளை பிறந்துவிடுகிறது. எனக்கு அவள் வேண்டாம்.

மார்ச் 8, ஞாயிறு
ஆராதனைக்கு இவர் மட்டும் போனார்.

மார்ச் 9, திங்கள்
தூக்கம் வராமல், எகிப்தில் சிறையிலிருந்த யோசேப்பின் கதையை எடுத்தேன். ஆதியாகமம் 40 முடியும்போது, விடுதலையான பானபாத்திரக்காரன், பார்வோனிடம் தனக்காகப் பேசச் சொன்ன அவனை மறந்துவிடுகிறான். 41 தொடங்கும்போது இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு வரி கிடையாது. பிரசங்கம் செய்கிறவர்கள் அதை ஒரே எட்டில் தாண்டிப் பார்வோனின் கனவுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கே அவன் ஞாபகமாகச் சொல்லியிருந்தால் யோசேப்பு விடுதலையாகி ஊர் போய்ச் சேர்ந்திருப்பான், பஞ்சம் வரும்போது எகிப்தில் இருந்திருக்க மாட்டான் என்பார்கள். இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் வாரம்? சாவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நமக்காகத்தான் என்று எழுந்து உட்கார்ந்திருப்பானே. எந்த நாளில் அதை நிறுத்தினான்? எனக்கு 41-ஆம் அதிகாரம் பக்கத்திலேயே இருக்கிறது. அவனுக்குச் சுவர்தான் இருந்தது.

கைபேசியை இன்னும் தலைமாட்டில்தான் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

மார்ச் 11, புதன்
அம்மா போனில். "ஆபிரகாமுக்கு நூறு வயசுலதாண்டி ஈசாக்கு." கூப்பிட்டபோது அவருக்கு எழுபத்தைந்தம்மா, நடுவில் வேலைக்காரி ஆகார் அவராலே கர்ப்பமாகி வனாந்தரத்துக்கு ஓடினாளே, அதையும் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துவிட்டாள். நானும்தான். எத்தனை நாளாயிற்று.

மார்ச் 14, சனி
யோசேப்பு கதையில் வரும் அந்தச் சுயம்பாகி, பார்வோனுக்கு ரொட்டி சுடுகிறவன். அவனும் அதே சிறையில்தான் இருந்தான், அதே இரவில்தான் கனவு கண்டான். அவனுக்கும் மூன்றாம் நாள்தான். தூக்கில் போட்டார்கள். கர்த்தருடைய வேளையைப் பற்றிப் பேசுகிற யாரும் அவனை ஏன் எடுப்பதே இல்லை?

மார்ச் 15, ஞாயிறு
போனேன். கடைசி வரிசை. ஒருவர் சாட்சி சொன்னார், ஏற்ற நேரத்தில் கிடைத்ததாம். கைதட்டினேன், மனசாரத்தான். கிடைக்காதவர்களுக்கும் ஒரு ஞாயிறு மைக் கொடுக்கலாம்.

யோவான் 11 வாசித்தார்கள். லாசரு வியாதி என்று அவன் சகோதரிகள் அனுப்பிய ஆள் வந்து சொல்லியும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டார். வந்து சேரும்போது கல்லறையில் நாலு நாள். மார்த்தாள் சொன்னதையேதான் மரியாளும் சொல்கிறாள்: நீர் இங்கே இருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். அந்த நாலு நாளும் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது அதுவாகத்தான் இருக்கும். அவர் அதட்டவில்லை. எழுப்பப் போவது தெரிந்தும் அழுதார். இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

மார்ச் 18, புதன்
இரவு முழுக்க ஒரே நினைப்பு. அந்தச் சித்தப்பாவும் ஜெபித்திருப்பாரோ? அண்ணன் பிள்ளை எங்கே, யார் கையில் என்று தெரியாமல், எனக்கு முன்னாலேயே, எனக்கும் மேலாக? அவர் வீட்டில் இந்நேரம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு வந்த இல்லைதான் அவருக்கு வந்த ஆம். இதில் கர்த்தர் யாருக்குத் தாமதித்தார், யாருக்கு நேரத்துக்கு வந்தார்? நான் கேட்டதும் அந்தப் பையனுக்கு ஒரு வீடு வேண்டும் என்றுதானே. இல்லை, எனக்கு அவன் வேண்டும் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவரிடம் சொன்னேன். "அவனுக்குத் தூங்கும்போது வெளிச்சம் வேணும்னு அவங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 19, வியாழன்
சங்கீதம் 13. "எதுவரைக்கும்", "எதுவரைக்கும்". அதற்கு மேல் ஜெபிக்க வரவில்லை.

மார்ச் 21, சனி
யார்மீதென்று தெரியாத கோபம். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன்.

மார்ச் 23, திங்கள்
மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிறதாம். எல்லாம் மறுபடி: சோதனைகள், வீட்டைப் பார்க்க வருவது, ஏன் பிள்ளை வேண்டும் என்ற அந்தக் கேள்வி. வேண்டாம் என்று காலையில் சொன்னேன். மதியம் படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வயது என்ற இடத்தில் முன்பு நான்குக்குள் என்று போட்டிருந்தோம். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளைக் கேட்பவர்கள் குறைவு, அவர்களும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்கிறார் இவர். எட்டு என்று போட்டுவிடலாமா என்கிறார். அதற்கு அந்தக் கட்டில் போதாது. பெரியதாக ஒன்று