போன் கிடைக்க ஏன் அவ்வளவு காலம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் அடிபடும் விஷயம் இது. அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்தும் வீட்டு போன் சீக்கிரம் வராது. எக்ஸ்சேஞ்சில் (லைன்களை இணைக்கும் நிலையத்தில்) நம்பர் இல்லாதது மட்டும் காரணமல்ல. நம்பர் இருக்கும், வீடுகளுக்குக் கம்பி பிரியும் தெருப்பெட்டியில் மிச்ச ஜோடிக் கம்பி இருக்காது. வீட்டுக்கு ஒரு ஜோடி வேண்டுமே. கேபிள் நிரம்பிவிட்டால், ரோட்டைத் தோண்டிப் புதுசு போடும்வரை பெயர் பட்டியலில்தான். (அப்போது போன் சேவை அரசின் டெலிகாம் இலாகா கையில். 1987 ஜனவரி 1-இல்தான் அது எஸ்.டி.எம். என்ற சியாரிக்காட் டெலிகாம் மலேசியா நிறுவனத்தின் கைக்கு மாறியது.)

இதே கம்பிப் பஞ்சத்துக்கு அந்நாளில் பிரிட்டனில் கண்ட வழி, ஒரே ஜோடியில் இரண்டு வீடு. பேச்சுக்கு ரெண்டு கம்பியும் பொது, மணி மட்டும் தனி: ஒரு வீட்டு மணி முதல் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே, அடுத்த வீட்டுக்கு இரண்டாவது கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே. வெளியே கூப்பிட ஒரு பட்டன். அதுவும் எர்த்தை நம்பித்தான். ஆகவே எர்த் கம்பியை மாட்டும் கிளாம்ப் துருப்பிடித்தால் மணியும் அடிக்காது, டயல் டோனும் வராது. அதற்காகப் போனை மாற்றுவது வீண் செலவு, எர்த் கிளாம்பைச் சுரண்டி இறுக்கினாலே போதும்.

ரகசியம்? ஒருவர் பேசும்போது மற்றவர் ரிசீவரை எடுத்தால் எல்லாம் காதில் விழும். ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டால் ரெண்டு வீட்டுக்கும் லைன் கிடையாது.