ஒரே கையால் ஐந்து கிட்டார்

'டிராவலிங் வில்பரிஸ்' என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை எப்போது கேட்டாலும் என் காது பின்னால் ஓடும் அக்கூஸ்டிக் கிட்டார்களிடம்தான் போய் நிற்கும். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே ஸ்வரக்கூட்டத்தை, வாசிக்கும் சத்தம் அது. அதை வீட்டில் நான் ஒருவனே வாசித்து ரெக்கார்ட் செய்ய முடியுமா என்று மூன்று வாரமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

அந்தக் குழு சேர்ந்ததே தற்செயல்தான். 1988இல் பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் போட இன்னொரு பாட்டு தேவைப்பட்டது. பாடகர்கள் ஜெஃப் லின்னும் ராய் ஆர்பிசனும் கூட இருந்தார்கள். தன் கிட்டாரை எடுக்கப் பாடகர் டாம் பெட்டி வீட்டுக்குப் போன ஹாரிசன், பெட்டியையும் அழைத்துக்கொண்டார். மலிபுவில் பாடகர் பாப் டிலன் வீட்டு கராஜில் ரெக்கார்டிங், டிலனும் சேர்ந்துகொள்ள ஐந்து பேரானார்கள். அங்கே கிடந்த அட்டைப்பெட்டியில் 'ஹேண்டில் வித் கேர்' என்று எழுதியிருந்தது, அதுவே பாட்டின் பெயராகிவிட்டது. பாட்டைக் கேட்ட ரெக்கார்டு கம்பெனிக்காரர்களுக்கு அதைப் பின்பக்கத்தில் போட மனம் வரவில்லை, முழு ஆல்பமே செய்வது என்று ஆனது. டிலன் கச்சேரிப் பயணம் கிளம்ப வேண்டியிருந்ததால், மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் இசைக்கலைஞர் டேவ் ஸ்டூவர்ட் வீட்டில் சுமார் பத்தே நாளில் மற்ற பாட்டுகளும் உருவாயின. கிட்டார்களை வாசித்தது அந்த வீட்டுச் சமையலறையில்.

நானும் சமையலறையில்தான் ஆரம்பித்தேன். டைல்ஸ் சுவரில் சத்தம் பளிச்சென்று திரும்பி வருகிறது, படுக்கையறையில் இது கிடைக்காது. மைக்கை முதலில் கிட்டார் ஓட்டைக்கு நேராக வைத்ததில் ஒரே 'கும்'. கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளில் (ஃபிரெட்) பன்னிரண்டாவதன் பக்கமாகத் திருப்பி ஒரு முழம் தள்ளி வைத்தேன், கம்பி கம்பியாகக் கேட்டது.

முதல் வாரம் ஒரு தப்பு செய்தேன். ஒரு டிராக்கை நன்றாக வாசித்துவிட்டு அதையே நாலு தடவை காப்பி எடுத்து ஒட்டினேன். சத்தம் கூடியதே தவிர அகலமாகவில்லை. சரி என்று ஐந்து தடவையும் தனித்தனியாக வாசித்தேன். ஜி ஸ்கேல் பாட்டு. இரண்டு டிராக்கில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடித்து சுருதியை உயர்த்தும் கிளிப்) இல்லாமல், ஒன்றில் ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு டி கார்டின் விரல் வடிவத்தில், இன்னொன்றில் ஏழாவதில் போட்டு சி வடிவத்தில். ஒரே கார்டுதான், ஆனால் மேல் ஸ்வரங்கள் இடம் மாறி மினுங்குகின்றன. ஐந்தாவது டிராக்குக்குக் கம்பியை மீட்ட மெல்லிய பிக். ஸ்டீரியோவில் இரண்டை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் தள்ளி, ஒன்றை நடுவில் வைத்தேன்.

நடுவில் ஒரு நாள் ஃப்ரிட்ஜையும் தட்டிப் பார்த்தேன். அந்த ஆல்பத்தின் 'ராட்டில்ட்' பாட்டில் டிரம்மர் ஜிம் கெல்ட்னர் ஃப்ரிட்ஜின் உள்தட்டுகளைக் குச்சியால் வாசித்திருப்பார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கண்ணாடித் தட்டு, பயந்து விட்டுவிட்டேன்.

இவ்வளவு செய்தும் ஏதோ குறைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவர். ஹெட்போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "அஞ்சுலயும் ஒரே கைதான்டா கேக்குது" என்றார். "நீங்க ஒண்ணு வாசிங்க பெரியப்பா" என்று கிட்டாரைக் கொடுத்தேன்.

அவர் மணிக்கட்டை மட்டும்தான் அசைக்கிறார், முழங்கை அசைவதே இல்லை. கை மேலே வரும்போது கீழ்க்கம்பிகள் மூன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. கார்டு மாறும் இடத்தில் என்னைவிட ஒரு மயிரிழை தாமதம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே அளவு தாமதம். என் டிராக்குகளில் இரண்டை அணைத்துவிட்டு அவருடையதை வலப்பக்கம் வைத்தேன். சமையலறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது அப்படியே கேட்டது. அந்த ஆல்பத்தின் ரகசியம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எத்தனை கிட்டார் என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் அங்கே கேட்கிறது.

ஆல்பம் அந்த 1988 அக்டோபரில் வந்தது. டிசம்பர் 6ஆம் தேதி ஆர்பிசன் மாரடைப்பில் போய்விட்டார், வயது 52. ஐந்து பேரும் ஒன்றாக வாசித்தது அந்த ஒரு ஆல்பம்தான். அதை நினைத்தால் அந்தக் கிட்டார் சத்தம் இன்னும் நெருக்கமாகிவிடுகிறது.

பெரியப்பா தன் கிட்டாரை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கம்பிகள் துருப்பிடித்திருந்தன, நேற்று மாற்றினேன். அடுத்த ஞாயிறு அவருடைய பழைய குழு நண்பர் ஒருவரும் வருகிறார். இடப்பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.