காலியான கடற்கரை தேடி: ஒரு வீண் பயணம், ஓர் உருப்படியான பயணம்

தங்குமிட விளம்பரத்தில் இருந்த அகன்ற மணல்வெளி பொய்யில்லை. படம் எடுத்த நேரத்தில்தான் விஷயம் இருந்தது. குடை, பாய், தண்ணீர் கேன், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு காலை பத்தரைக்குக் கரையில் இறங்கினால், அலை வந்து கற்சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது. மணல் என்று மிஞ்சியது இரண்டு பாய் அகலம். தங்கிய இடத்தில் கேட்டதற்கு, “இப்ப தண்ணி ஏறியிருக்குங்க, சாயங்காலம் வாங்க, எக்கச்சக்கமா இடம் இருக்கும்” என்று பதில் வந்தது. முன்பணம் வாங்கும்போது இதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தூரம் பார்ப்பது, விடுமுறை நாளைத் தவிர்ப்பது, விமர்சனம் படிப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். இடறியது மற்ற இடங்களில். அதிலும் முதலில், கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை, அதாவது டைட் டேபிள்.

பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த மிச்ச 50 நிமிடத்தை மறந்துவிடக் கூடாது. இன்று பத்தரைக்கு உச்ச ஏற்றம் என்றால் நாளை பதினொன்று இருபதுக்கு. ஒரு வாரம் தள்ளினால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் நகர்ந்திருக்கும், அதே பத்தரைக்குக் கடல் வற்றிக் கிடக்கும். ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் முழுக் காலைப்பொழுதும் கையில் இருந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே பெரிது. அஷ்டமி வாக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் அஷ்டமிப் பக்கம்தான் நல்லது, கடல் அதிகம் ஆட்டம் காட்டாது.

அட்டவணையில் மணியை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். பக்கத்தில் உயரமும் மீட்டரில் இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். 50 அடி நடந்தால் ஓர் அடி இறங்குகிற தட்டையான கரையில் அந்த ஒரு மீட்டர் ஏற்றம் 50 மீட்டர் மணலை விழுங்கும். 10 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவான கரையில் போவது 10 மீட்டர்தான். பொதுவாக மாவு மாதிரி நைசான மணல் தட்டையாகப் படியும், பரபரவென்ற பருமணல் சரிவாகக் குவியும். ஆக, படத்தில் மணலைப் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தால் சரிவைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்.

ஊகம் வேண்டாம் என்றால் கூகுள் எர்த்தில் பழைய தேதிகளின் செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். அளவுகோல் கருவியை வைத்து மணலின் அகலத்தை ஒவ்வொரு படத்திலும் அளந்து பாருங்கள். ஒரு படத்தில் 60 மீட்டர், இன்னொன்றில் 12 மீட்டர் என்று வந்தால் அந்தக் கரையை நேரம் பார்த்துத்தான் நம்ப முடியும். இதைவிட எளிய அடையாளம் ஒன்று உண்டு. போனவர்கள் எடுத்த சாதாரணப் படங்களில் காய்ந்த பாசியும் சுள்ளியும் கோடு போட்டதுபோல் ஒதுங்கியிருக்கும். கடல் கடைசியாக எட்டிய எல்லை அது. அந்தக் கோடு சுவரடியிலேயே இருந்தால் பெரிய ஏற்றத்தில் உட்கார இடமில்லை. கோட்டுக்கு மேலே வறண்ட மணல், அதற்கும் மேலே அடும்புக் கொடி படர்ந்திருந்தால் கவலையில்லை. தினமும் உப்புநீர் அடித்துப் புரட்டுகிற இடத்தில் கொடி நிலைத்துப் படராது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏற்றம் ஆறு மணி நேரமும் ஒரே சீராக நடக்காது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் மொத்தத்தில் பாதி ஏறிவிடும். “இவ்வளவு நேரம் வரல, இனி வராது” என்று பாயை விரித்துச் சாய்ந்தவர்கள் நனைவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். பாறையைச் சுற்றி அடுத்த வளைவுக்கு நடந்து போனவர்கள் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

அடுத்தது, ஒரு கரை ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி. வழி சரியில்லை என்பதால் இருக்கலாம், கழிப்பறையும் நிழலும் இல்லாததால் இருக்கலாம். இந்த இரண்டையும் கொஞ்சம் சிரமப்பட்டுச் சமாளித்துவிடலாம். மூன்றாவது காரணம் தண்ணீர் மோசம் என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது. அதை எந்த விமர்சனத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே யாரும் குளிப்பதே இல்லை.

பட்டியலில் இருந்த ஒரு கரையைப் போகாமலேயே தள்ளியது செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத்தான். கரைக்கு இணையாக அலை உடைகிற வெள்ளைப் பட்டை போய்க்கொண்டே இருக்கிறது. நடுநடுவே அந்தப் பட்டை அறுந்து, கருநீலச் சந்துகள் கடலை நோக்கி நீள்கின்றன. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. ரிப் கரண்ட் என்பார்கள். கொடுமை என்னவென்றால், கரையில் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சந்துதான் சாதுவாகத் தெரியும். இரண்டு பக்கமும் நுரை, நடுவில் அலையே இல்லாத தண்ணீர். பிள்ளையை நேராக அங்கேதான் கூட்டிப்போவோம். வேகம் எடுத்தால் அது வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது. சிக்கினால் மிதந்துகொண்டு கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அலை உடைகிற இடத்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும். பாறை முனை, கடலுக்குள் நீளும் தடுப்புச் சுவர் ஆகியவற்றின் ஓரத்திலும் இப்படி ஓடை இருக்கும். ஆற்று முகத்துவாரமும் வேண்டாம். இழுப்பு ஒருபுறம், மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஊர்க் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு வரும்.

வானிலைச் செயலியில் அலை 1 மீட்டர் என்று போட்டிருந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பக்கத்தில் வினாடிக் கணக்கு ஒன்று இருக்கும், பீரியட் என்று. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அது. 1 மீட்டர், 6 வினாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சலசலப்பு. அதே 1 மீட்டர், 14 வினாடி என்றால் எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை. ஆழம் குறையக் குறைய அது எழும்பி நிற்கும், இழுப்பும் பலம். இந்த வகை அலை கொத்தாக வரும். நாலைந்து பெரியது வந்துவிட்டு, பிறகு சில நிமிடம் குளம்போலக் கிடக்கும். வந்து இறங்குகிறவர் அந்தச் சில நிமிடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார். இருபது நிமிடமாவது உயரமான இடத்தில் நின்று பார்த்தபிறகே யாரையும் தண்ணீரில் விட வேண்டும்.

சரிவான கரையில் மணல் அதிகம் பறிபோகாது என்ற நன்மை உண்டு என்றேன். அதற்கு விலையும் உண்டு. அலை தள்ளி உடையாமல் காலடியிலேயே குப்பென்று விழும். முழங்கால் தண்ணீரில் நிற்கிற பெரியவரையே புரட்டித் தலைகீழாக மணலில் குத்திவிடும். கழுத்தில் அடிபடுவது இப்படித்தான். குழந்தைக்குத் தட்டைக் கரை, நேரம் பார்த்து. இதில் சமரசம் வேண்டாம்.

தங்குமிடக்காரரிடம் கேட்கிற கேள்வியையும் மாற்றுங்கள். “பசங்க குளிக்கலாமா?” என்றால் “தாராளமா” என்பார். “அமைதியா இருக்குமா?” என்றால் “ஊசி விழுந்தா கேக்கும்” என்பார். ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். இடுப்பளவு தண்ணீருக்கு எத்தனை தப்படி நடக்கணும்? உயிர்காப்பாளர் எந்தெந்த மாதம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருப்பார்? போன பௌர்ணமி அன்று கடல் ஏறிய நேரத்தில் எடுத்த படம் இருக்கா? சுற்றுவட்டத்தில் கட்டட வேலை நடக்குதா? முதல் கேள்விக்கே மூன்று பேர் பேச்சை மாற்றினார்கள். நான்காமவர், “வீட்டுக்கு எதிர்ல இறங்காதீங்க, அங்க இழுக்கும். பாறைக்கு உள்பக்கம் வளைவா இருக்கு பாருங்க, அங்க மட்டும்” என்றார். அவரிடமே புக் பண்ணியாயிற்று. குறையைத் தானாகச் சொல்கிறவர் மற்ற விஷயத்திலும் அநேகமாக உண்மையைத்தான் சொல்வார்.

நிழலுக்கு மரம் இருக்கிறது என்றால் போதாது, கரை எந்தத் திசை பார்த்தது என்றும் பாருங்கள். கிழக்கு பார்த்த கரையில் காலையில் மரநிழல் உள்பக்கம் விழும், மணலில் வெயில் காயும். மதியத்துக்கு மேல்தான் நிழல் மணலுக்கு வரும். மேற்கு பார்த்ததில் இது அப்படியே தலைகீழ். குடை எடுத்துப் போனாலும் மணல் ஏறக்குறைய 15 சதவீத புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், அதனால் குடைக்குள்ளேயும் தோல் கறுக்கும்.

காற்றின் திசையில் ஒரே ஓர் எச்சரிக்கை. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடித்தால் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், பார்க்க அழகு. அன்றைக்குக் காற்றடைத்த மிதவையை மட்டும் எடுக்கவே கூடாது. பிள்ளையோடு சேர்த்து அது போய்க்கொண்டே இருக்கும்.

காலி இடமும் வேண்டும், உயிர்காப்பாளரும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ப்ளூ ஃப்ளாக் சான்று பெற்ற கரைகளில் தண்ணீரின் தரம், பாதுகாப்பு, கழிப்பறை எல்லாம் சோதித்திருப்பார்கள். ஆனால் அதைப் பார்த்துத்தான் கூட்டமும் வருகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை, அரை கிலோமீட்டர் நடந்தால் கரை காலி. குளிக்க மட்டும் உயிர்காப்பாளர் கண்காணிக்கிற சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே வந்துவிட்டு, உட்கார அங்கே போய்விட வேண்டியது. கால் புதைகிற காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்கு சக்தி போகும். அதனால் சாமானைப் பாதியாக்குங்கள், ஈரமணல் ஓரமாக நடங்கள். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் குளியல் கிடையாது. இரண்டு சிவப்பு என்றால் தண்ணீரில் கால்கூட வைக்கக் கூடாது. ஊதா என்றால் ஜெல்லிமீன் மாதிரி ஏதோ கொட்டுகிற உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளைகள் குழி தோண்டினால் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் முழங்கால் ஆழம்தான் எல்லை. பக்கமணல் சரிந்து மூடினால் தோண்டி எடுக்க நேரம் இருக்காது.

இரண்டாவது பயணத்தில் கரையில் இறங்கியதும் செய்த முதல் வேலை, அலை எட்டுகிற கடைசி இடத்தில் ஒரு குச்சியை நட்டதுதான். இருபது நிமிடம் கழித்து அலை குச்சியைத் தாண்டிப் போனால் கடல் ஏறுகிறது, பாயைச் சுருட்டி அடும்புக் கொடிப் பக்கம் போய்விடலாம். அன்றைக்குக் குச்சி காய்ந்தே நின்றது.