மனம் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி

எந்த உடற்பயிற்சி உடலுக்கு மிகவும் நல்லது என்று கேட்கிறவர்களிடம், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுதான் என்று சொல்வது என் வழக்கம். அவர்களுக்கு இது தட்டிக்கழிக்கும் பதிலாகத் தோன்றலாம். நான் அதை முழு மனதோடுதான் சொல்கிறேன். உடற்பயிற்சியின் பலனைச் சேமித்து வைத்துக்கொண்டு பிற்பாடு செலவழிக்க முடியாது. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே மூச்சுத் திறன் இறங்கத் தொடங்கிவிடும். தசை வலிமை சற்றுத் தாமதமாக அதன் பின்னால் போகும். ஆகவே ஒரு மணி நேரத்தில் எத்தனை கலோரி செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்பு, அந்த ஒரு மணி நேரத்தை நான் விரும்புகிறேனா என்று பார்த்துவிடுவது நல்லது.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்றும், வாரத்தில் 2 நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதே நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகின் வயதுவந்தோரில் சுமார் 31 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்த அளவை எட்டவில்லை. இவர்களில் பலருக்கு நேரமில்லை, இடமில்லை, வேலை முடிந்து வரும்போது உடம்பில் தெம்பில்லை. இவையெல்லாம் உண்மையான தடைகள். விருப்பத்தை மட்டும் வைத்து அவற்றைத் தாண்டிவிட முடியாது. ஆனால் நேரமும் இடமும் இருந்து, ஆர்வத்தோடு தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் நிறுத்திவிட்டவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோம்பேறி என்ற பட்டம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பட்டம் நியாயமானதல்ல என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அவர்கள் பட்ட வெறுப்புக்கு உடலியல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு.

பயிற்சியின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மூச்சு திடீரென்று வேகமெடுக்கும். தசைகளில் ஆக்சிஜன் இல்லாமல் நடக்கும் எரிபொருள் சிதைவு அதிகமாகி, அதன் விளைவாகப் பெருகும் கரியமில வாயுவை வெளியேற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்கத் தொடங்கும் எல்லை அது. பான்டெலிமோன் எக்கெகாகிஸ் என்ற உடற்பயிற்சி உளவியலாளர், பயிற்சியின் நடுவிலேயே மனிதர்களிடம் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வுகளைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அந்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலானோருக்குப் பயிற்சி இதமாகவோ குறைந்தபட்சம் தொல்லையில்லாமலோ இருக்கிறது என்பதும், எல்லையைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோருக்குமே அது கசக்கத் தொடங்குகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெளிவாயின. நீண்ட காலம் உட்கார்ந்தே வேலை பார்த்த ஒருவருக்கு இந்த எல்லை மிகவும் தாழ்ந்திருக்கும். பழகியவர் சாதாரணமாக ஓடும் வேகத்திலேயே அவர் அதைக் கடந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அதே வேகத்தில் முதல் நாளே ஓடுகிறவர், ஓட்டம் தமக்கு ஒத்துவராது என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். ஒத்துவராமல் போனது அந்த வேகம் மட்டும்தான்.

இந்த எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சி செய்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் கடுமையான உழைப்பு. எண்ணாகச் சொல்ல விரும்புகிறவர்களுக்குச் சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் இருக்கிறது. அது 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. ஆரோக்கியமான இளம் வயதினருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும் என்பதால்தான் இந்த விநோதமான தொடக்கம். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் சில வாரங்கள் 12, 13-ஐத் தாண்டாமல் இருந்தாலே போதும்.

நினைவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நாளைக்கும் போகலாமா என்று மனம் யோசிக்கும்போது, முழுப் பயிற்சியையும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசியாக எப்படி இருந்தது என்பதையே அதிகம் பார்க்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிரிவினர் சைக்கிள் பயிற்சியை எளிதாகத் தொடங்கிக் கடினமாக முடித்தார்கள்; இன்னொரு பிரிவினர் கடினமாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து எளிதாக முடித்தார்கள். இரண்டாவது பிரிவினரே அந்தப் பயிற்சியைப் பின்னர் கூடுதல் இனிமையோடு நினைவுகூர்ந்தார்கள். கடைசி ஐந்து நிமிடங்களில் உயிரைக் கொடுத்து ஓடி முடிக்கும் பழக்கமுள்ளவர்கள் இதைத் தலைகீழாக மாற்றிப் பார்க்கலாம். அதற்காக எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பாய்ந்துவிடக் கூடாது; உடலைச் சூடாக்கிய பிறகே கடினமான பகுதி வர வேண்டும்.

என் விஷயத்தில் வேகம் மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லில் நான் அளவான வேகத்தில்தான் நடந்தேன். உடலுக்குக் கஷ்டமில்லை; மனதுக்குத்தான் வேலையே இல்லை. கண் திரும்பத் திரும்ப அந்தச் சிவப்பு எண்களுக்கே போகும். நிமிடம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலச் சலிப்பான காரியம் வேறு இல்லை. அதே கருவியில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஆனந்தமாக ஓடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், எனவே குறையைக் கருவியின் மேல் போட மாட்டேன். என்னைப் போன்றவர்களுக்குக் கவனத்தை வெளியே இழுத்துப் பிடிக்கும் ஒன்று வேண்டும். எனக்கு அது இறகுப்பந்தாக அமைந்தது.

இந்த ஆட்டத்தில் அடிக்கப்படும் இறகுப்பந்தை ‘காக்’ என்பார்கள்; அது வெறும் ஐந்து கிராம் எடைதான். கார்க்கில் பதித்த 16 இறகுகள். இவ்வளவு இலேசான பொருள் காற்றில் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இந்த ஆட்டத்தின் சுவை முழுவதும் இருக்கிறது. எதிராளி உயரமாக ஓங்கி அடிக்கும்போது மட்டையை விட்டு அம்பாகக் கிளம்பும் காக், இறகுகள் காற்றைத் தடுப்பதால் சடாரென்று வேகம் இழந்து, பாதையின் கடைசியில் ஏறக்குறைய நேர்செங்குத்தாக விழும். விழுகிற இடத்தை அதன் தொடக்க வேகத்தை வைத்துக் கணக்கிட முடியாது. எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் பார்க்க வேண்டும். அவர் மட்டை காக்கைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு, இரண்டு கால்களும் தரையை விட்டு இலேசாக எழும்பி அகலமாக ஊன்ற வேண்டும். அந்தச் சின்னத் துள்ளல் இருந்தால்தான் எந்தப் பக்கமும் பாய முடியும். இதைக் கற்றுக்கொள்ளும்வரை நான் எல்லாப் பந்துக்கும் அரை அடி தாமதமாகவே போய்ச் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட பிறகு, பின்வரிசை மூலையில் இருந்து ஸ்மாஷ் அடிப்பதுபோல் கையை ஓங்கி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் தளர்த்தி, வலையை ஒட்டி மெதுவாக விழும்படி டிராப் போட்டபோது, எதிரில் நின்றவர் அசையக்கூட இல்லை. அன்றைக்குக் கிடைத்த மகிழ்ச்சிக்கு ஈடாக எந்தக் கலோரிக் கணக்கையும் என்னால் சொல்ல முடியாது. விளையாடி முடித்து உட்காரும்போதுதான் சட்டை நனைந்திருப்பதும் தொடை நடுங்குவதும் தெரியவரும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகுத்த கோட்பாடு ஒன்று, மனிதர்கள் ஒரு செயலைத் தாமாக விரும்பிச் செய்வதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மருத்துவர் மிரட்டியதற்காகவோ பிறர் கண்ணுக்கு மெலிந்து தெரிவதற்காகவோ தொடங்கிய பயிற்சி ஏன் நீடிப்பதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இரட்டையர் ஆட்டத்தில் நான் வராவிட்டால் மற்ற மூவரின் ஆட்டமும் நின்றுவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே, போக மனமில்லாத மாலைகளிலும் போயிருக்கிறேன், போனபின் ஒருநாளும் வருந்தியதில்லை.

இதனால் எல்லோரும் இறகுப்பந்து ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் மனிதர்களோடு பேசிக் களைத்தவருக்கு, தண்ணீருக்குள் தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நீந்துவது பெரிய ஆறுதலாக இருக்கும். வெற்றி தோல்வி என்றாலே பதற்றப்படுகிறவர் நடனத்திலோ மலையேற்றத்திலோ நிம்மதி காணலாம். எண்கள் கூடுவதைப் பார்த்து மகிழ்கிறவருக்கு எடை தூக்குவது போதையாகவே ஆகிவிடும். சிறு வயதில் யாரும் சொல்லாமலே எதை இருட்டும்வரை விளையாடினீர்கள் என்று யோசித்துப் பார்ப்பது தேடலைத் தொடங்க நல்ல இடம். தேடும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: திறன் தேவைப்படும் எந்தப் பயிற்சியும் முதல் சில வாரங்களில் இனிக்காது. காக் மட்டையில் படாத நாட்களில் இறகுப்பந்தைப் பற்றியோ, மூக்கில் தண்ணீர் ஏறும் நாட்களில் நீச்சலைப் பற்றியோ தீர்ப்புச் சொல்லிவிடாமல், அடிப்படை கைவரும்வரையாவது பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் போகப் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் வேறொன்றுக்கு மாறிவிடலாம்.

பலன்களைப் பொறுத்தவரை, ஆய்வுகளின் வரலாறு லண்டன் பேருந்துகளில் இருந்து தொடங்குகிறது எனலாம். ஜெரமி மோரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஓயாமல் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. அதில் உடலுழைப்பு இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, ஆயுள் டென்னிஸ் ஆடியவர்களுக்கு 9.7 ஆண்டுகளும், இறகுப்பந்து ஆடியவர்களுக்கு 6.2 ஆண்டுகளும், நீந்தியவர்களுக்கு 3.4 ஆண்டுகளும், மெல்லோட்டம் ஓடியவர்களுக்கு 3.2 ஆண்டுகளும் கூடுதலாக இருந்தது. இதை அப்படியே மட்டையின் மகிமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டென்னிஸ் ஆடுகிறவர்களின் வசதியும் வாழ்க்கைமுறையும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கக்கூடும். ஆனாலும் கூட்டாளி இல்லாமல் ஆடவே முடியாத விளையாட்டுகள் முன்வரிசையில் நிற்பதை ஆய்வாளர்களும் கவனிக்கத் தவறவில்லை.

உடலுக்குள் நடப்பதும் வியப்பானது. உழைக்கும் தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திராமல், இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி முதுமையில் சுருங்கும் இயல்புடையது. 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலம் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. இவற்றையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆயினும் என்னை ஆடுகளத்துக்கு அழைத்துப்போவது அன்றிரவே வரும் ஆழ்ந்த உறக்கமும், மறுநாள் காலையில் தலை தெளிந்திருப்பதும்தான். இருபது ஆண்டுகள் கழித்து வரும் பலனுக்காக இன்று மாலை எழுந்து போவது யாருக்கும் கடினம்.

பிடித்த ஒன்று எல்லாத் தேவையையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீச்சல் மூட்டுகளுக்கு இதமானது, ஆனால் எலும்பின் அடர்த்திக்கு அதனால் பெரிய பயனில்லை. இறகுப்பந்தோ திடீர்ப் பாய்ச்சலும் திடீர் நிறுத்தமும் நிறைந்தது. கணுக்கால், முழங்கால், குதிகால் தசைநாண் ஆகிய மூன்றும் அதில் அடிவாங்கும். உயரமான குதிகால் கொண்ட ஓட்டக் காலணிகளோடு ஆடினால் பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கிவிடும்; தட்டையான ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியே ஏற்றது. இதய நோய் உள்ளவர்களும், நெடுங்காலம் அசையாமல் இருந்து நடுவயதில் தொடங்குகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டபின்பே களத்தில் இறங்க வேண்டும்.

தசைப் பயிற்சி எனக்கு இன்றும் பிடித்த விஷயமில்லை. ஆனால் பின்வரிசை மூலைக்குப் பாய்ந்து போகவும் போன வேகத்திலேயே நடுவுக்குத் திரும்பவும் தொடையில் வலு வேண்டும் என்று தெரிந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலேயே குந்தி எழுவதும், ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி ஏறுவதும், படியின் ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும் வழக்கமாகிவிட்டன. எட்டாமல் போய்க்கொண்டிருந்த அந்த மூலைப் பந்துகளில் பாதிக்கு மேல் இப்போது எட்டுகின்றன.